வாசலுக்கு வந்த உயிர்வாழ் சான்று: எழுபது ரூபாய்க்குக் கிடைத்தது

என் அம்மாவின் விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. முக்கூடல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாற்பத்தைந்து ஆண்டுகள் பீடி சுற்றிய விரல்கள் அவை. இலையை நனைத்துக் கத்தரித்து, மடியில் சுளகை வைத்துத் தூளை அள்ளிப் போட்டுச் சுருட்டி, நுனி மடக்கி நூல் கட்டி, நாளொன்றுக்கு ஆயிரம் பீடி சுற்றிக் கடையில் கொடுத்த காலம் உண்டு. அந்த விரலை ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சிறிய கருவியில் அழுத்தி, தான் உயிரோடு இருப்பதை அவர் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால்தான் மாதம் 1,000 ரூபாய் பென்ஷன் தொடர்ந்து வரும்.

இதுவரை அதற்காக அம்மாவை நெல்லைக்கு அழைத்துச் சென்று வரிசையில் நிற்க வைத்துக்கொண்டிருந்தேன். 2024 நவம்பரில் முதல்முறையாகத் தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்தோம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரர் வீட்டு வாசலிலேயே டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுத்துக் கொடுக்கும் சேவை இது. அந்த வங்கியின் உதவி எண்ணை அழைத்துப் பதிந்துகொள்ளலாம். பக்கத்துத் தபால் நிலையத்தில் நேரில் சொன்னாலும் போதும். நாங்கள் கொடுத்த கட்டணம் வரி உட்பட 70 ரூபாய். அந்தச் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் சான்றிதழைக் காட்டிலும் பெரிய வேலை ஒன்றை அந்த மனிதர் எங்கள் தெருவில் செய்துவிட்டுப் போனார். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

அம்மா வாங்குவது, வருங்கால வைப்பு நிதியோடு (பி.எஃப்.) சேர்ந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் பென்ஷன். 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கும் திட்டம். கடைசிக் காலச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவதுதான் மாதப் பென்ஷன். அம்மாவுக்கு 1996இல்தான் பி.எஃப். பிடிக்கத் தொடங்கினார்கள். பதினெட்டு ஆண்டுகள், மூவாயிரம் ரூபாய்ச் சம்பளக் கணக்கு. 2014 தொடக்கத்தில் அவருக்கு 58 வயது நிறைந்தபோது வந்த பென்ஷன் 771 ரூபாய். அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று மத்திய அரசு ஆக்கியது. 771 ஆயிரமாயிற்று. பத்து ஆண்டுகளில் அம்மா கண்ட ஒரே உயர்வு அதுதான். இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படி கிடையாது. அரிசி விலை ஏறினாலும் மருந்து விலை ஏறினாலும் அந்த ஆயிரம் அசைவதில்லை.

அசையாத தொகையை நம்பி வாழ்கிறவர்களின் காதில் எந்தச் செய்தி விழுந்தாலும் அது இனிப்பாகத்தான் இருக்கும். குறைந்தபட்சப் பென்ஷனை 7,500 ரூபாயாக்க வேண்டும் என்று இந்தத் திட்டத்தின் ஓய்வூதியர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். 2013இலேயே மாநிலங்களவையின் மனுக்கள் குழு 3,000 ரூபாயாவது கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. கோரிக்கை முழுக்க நியாயமானது, ஒரு பீடித் தொழிலாளியின் மகளாக நான் அதை உரக்கவே சொல்வேன். என் கோபமெல்லாம் இந்தக் கோரிக்கையை எடுத்து, 'உறுதியாகிவிட்டது', 'இந்த மாதமே கணக்கில்' என்று தலைப்பிட்டு வீடியோ போடுகிறவர்கள் மேல்தான். அம்மாவின் கைபேசியில் அப்படி வாரத்துக்கு மூன்று நான்கு வரும். அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி உயர்ந்த செய்தி தொலைக்காட்சியில் ஓடினாலும், "நமக்கும்தானே?" என்று இரவில் எனக்குப் போன் செய்வார். அது வேறு பென்ஷன் என்று ஒவ்வொரு முறையும் நான் சொல்வேன். ஒவ்வொரு முறையும் அவர் குரல் இறங்கிப்போகும்.

இவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எதிர்பாராத பணம் உண்மையிலேயே வந்த ஆண்டுகள் இவர்களுக்கு உண்டு. 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது ரேஷன் கடையில் 1,000 ரூபாய் வந்தது. 2021இல் இரண்டு தவணையாக 4,000 வந்தது. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி ஊர்களை மூழ்கடித்த பிறகு, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு 6,000 ரூபாயும் மற்ற இடங்களுக்கு 1,000 ரூபாயும் டோக்கன் கொடுத்து வழங்கினார்கள். பொங்கலுக்கு ஓர் ஆண்டு பணம் உண்டு, ஓர் ஆண்டு இல்லை. இத்தனையும் பார்த்த ஒருவர், "ஓய்வூதியர்களுக்கு ஒருமுறை நிவாரணம் 5,000 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ஏன் நம்ப மாட்டார்?

அம்மா நம்பினார். சான்றுக்கு இரண்டு மாதம் முன்பு, பக்கத்து ஊர் கணினி மையம் ஒன்றில் அந்த ஐயாயிரத்துக்கு 'விண்ணப்பம்' போட 500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அரை மாதப் பென்ஷன். ரசீது என்று கொடுத்த தாளில் அவர் பெயரும் ஆதார் எண்ணும் மட்டும்தான் இருந்தன. எனக்குத் தெரிந்தபோது அழுகைதான் வந்தது. அம்மாவைத் திட்டவும் செய்தேன். திட்டியதற்கு இன்றுவரை வருந்துகிறேன்.

தபால்காரர் வந்தது ஒரு வியாழக்கிழமை. நான் பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். அன்று கடையை அடைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். பதிந்ததிலிருந்து எட்டு நாள் ஆயிற்று. நடுவில் மூன்று நாள் விடாத மழை, அதனால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். தபால்காரருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பையை இறக்கியதும் "ஆச்சி, பி.பி.ஓ. நம்பரும் ஆதாரும் பாஸ்புத்தகமும் எடுத்து வையுங்கள்" என்றார். பி.பி.ஓ. நம்பர் என்பது ஓய்வூதிய ஆணையின் எண். பாஸ்புத்தகம் கட்டாயம் வேண்டும் என்று அவர் கேட்டதன் அருமை பிறகுதான் புரிந்தது.

முதலில் கைரேகை. வலது பெருவிரல் ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு இடது கை. ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, மறுபடியும் துடைத்து வைத்தும் பச்சை விளக்கு எரியவில்லை. அம்மா தன் விரல்களையே குற்றவாளியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் ஆச்சி, பீடி தின்ற கை" என்று சொல்லிவிட்டுக் கைபேசியில் முகம் காட்டிச் சான்று எடுக்கும் முறைக்கு மாறினார். வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. முற்றத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, அம்மாவைக் கண் சிமிட்டச் சொன்னார். இரண்டாம் முறையில் பதிந்துவிட்டது. பீடித் தொழிலாளர்கள் இருக்கும் வீடுகளில், பதியும்போதே முகம் காட்டும் முறை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். விரலோடு போராடிய இருபது நிமிடமும் மிச்சமாகும்.

நடுவில் ஒரு சிக்கல். அம்மாவின் கைபேசிக்கு ஓ.டி.பி. வந்தது. அவர் கைபேசியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "யாருக்கும் சொல்லக் கூடாது என்று என் மகள் சொல்லியிருக்கிறாள்" என்றார். வேறொருவராக இருந்தால் சலித்துக்கொண்டிருப்பார். இவர் கைபேசியைத் தொடவே இல்லை. "அக்கா, நீங்களே வாங்கி, அந்தச் செய்தி எதற்காக வந்திருக்கிறது என்று ஆச்சிக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். ஆச்சிக்குச் சரி என்று பட்டால் எண்ணைச் சொல்லட்டும்" என்றார். உயிர்வாழ் சான்றுக்காக என்று ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொன்னேன். அதன் பிறகுதான் அம்மா எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

சான்று முடிந்ததும் அம்மா அந்த ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்துவந்து காட்டினார். தபால்காரர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பாஸ்புத்தகத்தைத் திறந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். எதிர் வீட்டுப் பாட்டி முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர். அவரையும் அவர் பாஸ்புத்தகத்தோடு கூப்பிட்டார். 2023 ஜூலை வரை 1,000, ஆகஸ்ட் முதல் 1,200. "ஆச்சி, இதுதான் உயர்த்தியது. ஒரு மாதம் ஏறியது, அதன் பிறகு இறங்கவே இல்லை பாருங்கள். இதற்காக நீங்கள் யாரிடமாவது விண்ணப்பம் போட்டீர்களா?" பாட்டி இல்லை என்றார். "வெள்ளத்துக்கு வந்த பணம் இந்தப் புத்தகத்தில் இருக்கிறதா? இருக்காது. அது டோக்கன் வாங்கி ரேஷன் கடையில் கையில் வாங்கியது. ஒரே முறை. அதற்கும் நீங்கள் யாருக்கும் காசு கொடுக்கவில்லை." பிறகு அம்மாவின் புத்தகத்தைக் காட்டி, "உங்களுடையது மத்திய அரசுத் திட்டம். மாநில அரசு 1,200 ஆக்கியது உங்களுக்குச் சேராது. உங்கள் தொகை உயர்ந்தால் உங்கள் ஒருவருக்கு மட்டும் உயராது. ஊரில் ஆயிரம் வாங்கும் எல்லாருக்கும் ஒரே மாதத்தில் ஏறும்" என்றார். கால் மணி நேரம். நான் பத்து ஆண்டுகளாகப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாததை, இரண்டு பாஸ்புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிட்டார். சேவையின் விதிகளில் இது எங்கும் எழுதியிருக்காது. அந்த எழுபது ரூபாயில் இதுவும் சேர்ந்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பேச்சைக் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சித்தி வந்து நின்றார். அவரும் பீடி சுற்றியவர்தான், அதே ஆயிரம் ரூபாய்ப் பென்ஷன். ஏப்ரல் மாதத்திலிருந்து பணம் வரவில்லையாம். எட்டு மாதம்! ஏன் யாரிடமும் கேட்கவில்லை என்றேன். "பழையதை நிறுத்திவைத்து, 7,500 கணக்குப் போட்டு மொத்தமாகத் தரப்போகிறார்கள் என்று வீடியோவில் சொன்னார்கள்" என்றார். எனக்கு வயிறு பிசைந்தது. முந்தைய சான்று கொடுத்து ஓராண்டு முடிந்ததும் புதுப்பிக்கவில்லை, அதனால் நின்றுபோன பென்ஷன் அது. இந்தத் திட்டத்தில் சான்று கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். எல்லாருக்கும் நவம்பர் என்று கிடையாது, அவரவர் மாதம் அவரவருக்கு. வராத பணத்தைப் பற்றிய பொய், வந்துகொண்டிருந்த பணம் நின்றதையே நல்ல சகுனமாகக் காட்டிவிட்டது. ஐநூறு ரூபாயைப் பிடுங்கியவனைவிட இந்த வீடியோக்காரர்கள் செய்தது பெரிய கொடுமை என்று நினைக்கிறேன். சித்தி அந்த எட்டு மாதமும் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கியிருக்கிறார்.

தபால்காரர் அங்கேயே அவருக்கும் சான்று எடுத்தார். சித்திக்கு விரல் பதிந்தது. டிசம்பரில் நிலுவையோடு பணம் வந்துவிட்டது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை 8,000 ரூபாய், ஒரே வரியில்.

அன்று மாலைக்குள் தெரு முழுவதும் செய்தி பரவிவிட்டது: சித்திக்கு 7,500 வந்துவிட்டது, கூட ஐநூறும் வந்துவிட்டது! அம்மாவே எனக்குப் போன் செய்து, "அவளுக்கு வந்துவிட்டதே, எனக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டார். கோபப்படாமல் இருக்க இந்த முறை பாடுபட்டேன். ஏப்ரலில் இருந்து ஒவ்வொரு மாதமாக விரல் விட்டு எண்ணச் சொன்னேன். எட்டு விரல் மடக்கியதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவளுடைய பணம்தானே அது" என்றார். பிறகு அவரே சித்தி வீட்டுக்குப் போய், கூடியிருந்தவர்களிடம் எண்ணிக் காட்டியிருக்கிறார்.

சேவைக்கு ஐந்தில் நான்கரை கொடுப்பேன். வந்த குறுஞ்செய்தியும் சான்று எண்ணும் தமிழில் இருந்திருந்தால் மீதி அரையையும் கொடுத்திருப்பேன். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் தபால்காரர் வரும் நாளில் படிக்கத் தெரிந்த ஒருவர் உடன் இருங்கள். ஆதாரோடு இணைத்த கைபேசி எண் பழையதாக இருந்தால் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். சான்று எடுத்த தேதியைச் சுவரில் எழுதிவையுங்கள். அம்மாவுடையதைக் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதியிருக்கிறேன். எங்களைப் போல யாரிடமாவது பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். நாங்கள் இரண்டு மாதம் கழித்துத்தான் அழைத்தோம்.

ஜனவரியில் ஊருக்குப் போனபோது சித்தி தன் பாஸ்புத்தகத்தில் பதிவு போட்டு வந்து காட்டினார். எட்டாயிரத்துக்குக் கீழே இரண்டு வரிகள், இரண்டிலும் 1,000 ரூபாய். கடைக் கடனில் பாதியை அடைத்துவிட்டதாகச் சொன்னார். அவருடைய சான்றுத் தேதியையும் எங்கள் கதவுக்குப் பின்னாலேயே எழுதச் சொன்னார். எழுதினேன்.