ஸ்ட்ரோபெரி கன்று வாங்கிய நாற்றுமேடை: எட்டு மாத அனுபவம்

விதைப் பாக்கெட்டில் ஏமாந்த பிறகுதான் நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஏறும் வழியில் இருக்கிற இந்த நாற்றுமேடைக்குப் போனேன். "வருஷம் முழுக்கக் காய்க்கும்" என்று படம் போட்டு இணையத்தில் விற்ற விதை அது. நாற்பதில் முளைத்தது ஆறு, அந்த ஆறும் ஆறு விதம், ஒன்று இலையாகவே தள்ளிக்கொண்டு போனது, இன்னொன்றில் சுண்டுவிரல் நுனியளவு புளிப்புப் பழம். தாயைப் போல பிள்ளை என்பது ஸ்ட்ரோபெரி விதைக்குப் பொருந்தாது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வட அமெரிக்க இனமும் சிலி நாட்டு இனமும் கலந்து பிறந்த செடி, குரோமோசோம் மட்டும் 56, நல்ல பழத்தின் விதையைப் போட்டாலும் எது வரும் என்று சொல்ல முடியாது. தாய்ச்செடி தரையில் ஓடவிடுகிற ஓடுகொடியில் வேர்விட்ட கன்றுதான் அதே ரகமாக இருக்கும்.

நாற்றுமேடை அண்ணன் விலை சொல்வதற்கு முன்னால், வீடு எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம் வெயில் விழும் என்று கேட்டார். அப்புறம் ஆல்பியன் ரகத்தைக் காட்டி, பகல் நீளம் பார்க்காமல், அதாவது பகல் நீண்டாலும் குறுகினாலும், பூக்கும் என்றார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான ரகம். இந்தக் குணம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலைக் காட்டுச் செடியிலிருந்து பயிர் ரகங்களுக்கு வந்தது. பகல் நீளம் பார்க்காமல் தானாகப் பூக்கிற ஆட்டோஃப்ளவர் கஞ்சா என்கிறார்களே, அதுவும் ருடராலிஸ் என்ற ரஷ்யா பக்கத்துக் காட்டுவகையிலிருந்து இதே மாதிரி எடுத்த குணம்தான் (அது இங்கே சட்டவிரோதம், கேட்டு வராதீர்கள்).

ஆனால் எனக்குப் பிடித்தது அவர் அடுத்ததாகச் சொன்னது. நம் பக்கம் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை, அதனால் இங்கே பெரிதாகக் கவனிக்க வேண்டியது சூட்டைத்தான், சூடு கூடினால் இந்த ரகமும் பூவை நிறுத்திவிடும் என்றார். கண்டியில் இருக்கும் அக்காவுக்கும் பத்துக் கன்று கேட்டேன். "அங்க சரிவராது தம்பி, காசு வீண்" என்று கொடுக்கவே இல்லை!

இருபது கன்றில் பதினேழு தப்பியது. முதல் பூக்களைக் கிள்ளச் சொன்னார், மனசே வரவில்லை, ஆனாலும் கிள்ளினேன், மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் ஒரு கோப்பைப் பழம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. அடை மழையில் சாம்பல் பூஞ்சை பிடித்துக் கொஞ்சம் அழுகியது, அது கன்றின் குறை இல்லை. குறை என்றால், பெயர்க் குச்சி இல்லாமல் கொடுத்ததில் மூன்று கன்று வேறு ரகமாகிப் போனது. போய்ச் சொன்னதும் பேசாமல் மாற்றித் தந்தார்.

போகிறவர்கள் ஒரு கார்ட்போர்ட் பெட்டி கொண்டு போங்கள். அவர் தருகிற மெல்லிய பொலித்தீன் பையோடு பஸ் நெரிசலில் தலவாக்கலை வந்து சேர்வதற்குள் எனக்கு இரண்டு கன்று முறிந்துவிட்டது.