மின்காருக்குப் பனிச்சங்கிலி: இரும்பா, துணியுறையா, வெளியே மாட்டுவதா?

ஆல்ப்ஸ் மலை ஏறும் மின்காரின் பின்பெட்டியில் எது இருக்க வேண்டும் என்றால், நான் தேர்ந்தெடுத்தது இதுதான்: கார் அனுமதிக்கும் மிகச் சிறிய ரிம்மில் நான்கு குளிர்கால டயர், பனியில் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றி மாட்டும், அதற்கு அளவான 9 மி.மீ. தடிப்புள்ள இரும்புச் சங்கிலி ஒரு சோடி. டயர்மேல் போர்த்தும் துணியுறையும், வெளிப்பக்கம் மட்டும் மாட்டும் சங்கிலியும் இதற்குப் போட்டி. அவை வெல்லும் இடங்களும் உண்டு.

டயர் விஷயத்தில் தயக்கமே வேண்டாம். மூன்று சிகரமும் பனித்துகளும் பொறித்த முத்திரை இல்லாத டயரை ஜெர்மனி 2024 அக்டோபர் 1 முதல் குளிர்கால டயராக ஏற்பதில்லை. பிரான்சின் மலைப்பகுதி விதியிலும் 2024 நவம்பர் 1 முதல் அந்த முத்திரை கட்டாயம். உலோக ஆணி பதித்த டயர் ஜெர்மனியில் தடை. சுவிட்சர்லாந்தில் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு உட்பட்டு, பெரும்பாலான நெடுஞ்சாலைகளைத் தவிர்த்தே ஓடலாம். டயரில் தெளிக்கும் ஸ்பிரேயை நம்பி மலையேற வேண்டாம்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது டயரின் உட்பக்க இடைவெளி. கடையில் சங்கிலி வாங்கும் பலரும் டயர் அளவை மட்டும் பார்க்கிறார்கள். டயரின் உள்சுவருக்கும் அதிர்வுத்தாங்கி, பிரேக் குழாய், சக்கரவேக உணரியின் வயர் ஆகியவற்றுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மின்கார்கள் கனமானவை, அந்தக் கனத்தைத் தாங்க அகலமான டயர், தோற்றத்துக்காகப் பெரிய ரிம். 235 மி.மீ. அகல டயருக்குப் பதில் 255 போட்டால், ரிம்மின் நிலை மாறாதவரை, டயர் உட்பக்கம் 10 மி.மீ. நெருங்கிவிடும். 9 மி.மீ. சங்கிலிக்கு வேண்டிய இடம் அங்கேயே போய்விட்டது. இந்நிலையில் சங்கிலி கொஞ்சம் தளர்ந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் குழாயில் அடிக்கும். முதலில் வெறும் சத்தம்தான் கேட்கும். பிறகு உணரியின் வயர் அறுந்து ஏபிஎஸ் விளக்கு எரியும். பிரேக் குழாயே கிழிந்தால், இறக்கத்தில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் சங்கிலி வாங்குவதற்கு முன்பே, குளிர்கால ரிம் வாங்கும்போதே முடிவெடுக்க வேண்டும். காரின் கையேட்டில் சங்கிலிக்கு அனுமதி உள்ள டயர் அளவுகள் தனியாக இருக்கும். காரோடு வந்த பெரிய ரிம் அந்தப் பட்டியலில் இல்லாமலே போகலாம். சங்கிலியின் தடிப்புக்கும் அங்கே உச்ச வரம்பு கொடுத்திருப்பார்கள். சாதாரணச் சங்கிலி 12 மி.மீ., மெல்லியது 9, மிக மெல்லியது 7. கையேடு 9 என்றால் 12 மி.மீ. சங்கிலியை இறுக்கிப் போட்டுச் சமாளிக்க முடியாது. ரிம்மோடு, டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் சுமைக்குறியீடும் கையேட்டோடு பொருந்த வேண்டும். மின்காரின் எடைக்குக் குறைந்த குறியீடுள்ள மலிவு டயர் ஆபத்து.

அடுத்த பிழை இன்னும் பரவலானது. ஃபோக்ஸ்வேகன் ஐடி.4 காரில் முன் டயர் 235, பின் டயர் 255. அதன் பின்சக்கர இயக்க வகையில் சங்கிலி பின்னால்தான் போட வேண்டும். முன் டயரின் எழுத்தைப் படித்து வாங்கியவருக்கு மலையடிவாரத்தில் சங்கிலி எட்டாது. டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் கார்களிலும், இரட்டை மோட்டார் இருந்தாலும், சங்கிலி பின்சக்கரங்களுக்கு மட்டுமே. காற்றுத்தடை குறைக்கும் பிளாஸ்டிக் மூடி ரிம்மில் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். சங்கிலி அதை உடைத்துவிடும்.

துணியுறை எடை குறைவு, ரிம்மைக் கீறாது, உட்பக்கத்தில் இடம் அதிகம் கேட்காது. உலர்ந்த பனியிலும் உறைபனியிலும் நன்றாகப் பிடிக்கும். இரும்பே போடக் கூடாது என்று கையேடு சொல்லும் பெரிய ரிம்முக்கு இது பெரும் உதவி. மாட்டும்போது மேல்பாதியை இழுத்துப் போட்டு, அரைச்சுற்று காரை நகர்த்தி, மீதியை இழுத்துவிட வேண்டும். இதன் பகை வெறும் தார்ச்சாலை. மலைப்பாதையில் பனி தொடர்ச்சியாக இருப்பதில்லை. சுரங்கப்பாதை வரும், உப்புப் போட்ட திருப்பம் வரும். இரண்டு டன் எடையும் நின்ற இடத்திலிருந்தே கிடைக்கும் முழு முறுக்குவிசையும் சேர்ந்து, அங்கே துணியைச் சீக்கிரம் தேய்த்துவிடும். சேறுபோன்ற ஈரப்பனியிலும் பிடி தளரும். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. பிரான்ஸ் துணியை ஏற்கிறது. சுவிட்சர்லாந்தில் சங்கிலி கட்டாயம் என்ற பலகை உள்ள பாதைக்கு உலோகச் சங்கிலியோ, கூட்டாட்சிச் சாலை அலுவலகம் அங்கீகரித்த மாற்றோ வேண்டும். அட்டையில் அந்த அங்கீகாரம் தெளிவாக இல்லாத உறையை அங்கே நம்பிப் போக வேண்டாம்.

கோனிக் கே-சம்மிட் போன்ற வெளியே மாட்டும் சங்கிலி உள்சுவரைத் தொடவே தொடாது. சக்கரத்தின் ஒரு போல்ட்டில் பிடிமானத்தைப் பொருத்தி, முன்பக்கமிருந்தே இறுக்கலாம். இடைவெளிச் சிக்கல் முழுவதும் தீர்வது இதில்தான். விலை சாதாரணச் சங்கிலியைவிடப் பல மடங்கு. போல்ட் தலை 17, 19, 21 மி.மீ. எது என்று வீட்டிலேயே அளந்து, அதற்கான பிடிமானத்தைச் சரிபார்க்க வேண்டும். ரிம்மை மாற்றச் சம்மதமில்லாதவருக்கு இதையே சொல்வேன். ஆனால் கனத்த மின்காரில் பல குளிர்காலம் ஓடிய அனுபவம் இதற்கு இன்னும் சிறியது. ஆழ்ந்த பனியில் நாள்முழுக்க ஓட்டுபவருக்கு இரும்பே என் பரிந்துரை.

எதைப் போட்டாலும் இறக்கத்தில்தான் மின்காரின் குணம் தெரியும். காலை எடுத்ததும் மோட்டார் இழுத்துப் பிடிக்கும் மீள்சக்தி பிரேக், இயக்கச் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். சங்கிலி இல்லாத பின்சக்கர இயக்கக் காரில் அது காரின் வால், அதாவது பின்பகுதி, சுழலக் காரணமாகும். பின்னால் சங்கிலி இருந்தால் வால் நிற்கும், ஆனால் முன்சக்கரம் வழுக்கித் திருப்பத்தில் நேரே போகப் பார்க்கும். ஆகவே மீள்சக்தியைக் குறைவான அளவில் வைத்து, திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மலை உச்சியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால் மீள்சக்தி கிட்டத்தட்ட இருக்காது; பழகிய இழுப்பு இல்லாமல் கார் முன்னோக்கி ஓடும். 80 சதவீதத்தில் நிறுத்துவது நல்லது. ஏற்றத்தில் நின்றுபோய், சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் இழுவைக் கட்டுப்பாடு மோட்டாரை அடக்கினால், அந்தக் கட்டுப்பாட்டைக் கிளம்பும் வரை மட்டும் தளர்த்துங்கள். சங்கிலியோடு ஜெர்மனியில் உச்சவேகம் மணிக்கு 50 கி.மீ.; எங்கும் அதைத் தாண்ட வேண்டாம்.

மாட்டும் வேலையை வீட்டு வாசலில், உலர்ந்த தரையில், கையுறையோடு இரண்டு தடவை செய்து பாருங்கள். வளையத்தைச் சக்கரத்தின் பின்னால் செலுத்தி, மேலே பூட்டி, முன்பக்கக் கொக்கிகளை மாட்டி இறுக்குங்கள். தானாக இறுகாத வகையென்றால் 50 முதல் 100 மீட்டர் ஓட்டி, நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். தளர்ந்த சங்கிலி பிரேக் குழாயைத் தேடிப் போவது பெரும்பாலும் இந்த நிறுத்தத்தைத் தவிர்த்தவர்களுக்குத்தான். பெட்டியில் முழங்கால் விரிப்பும் தலைவிளக்கும் இருக்கட்டும். வீடு திரும்பியதும் வெந்நீரில் உப்பைக் கழுவி, தொங்கவிட்டுக் காயவைத்தபின் பையில் போடுங்கள். ஈரத்தோடு மூடிய சங்கிலியின் கண்ணிகள் அடுத்த டிசம்பரில் துருவேறி ஒட்டிக்கொண்டு வரும்.