சம்பளம் வாங்காத ஆலோசகர்: டிரஸ்டின் நிதிநிலைக்கு எவ்வளவு உதவுவார்?

கட்டணம் வாங்காமல் தொழில்முறை அறிவைத் தொண்டு நிறுவனங்களுக்குத் தருவதுதான் ப்ரோ போனோ ஆலோசனை. 2001இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டாப்ரூட் ஃபவுண்டேஷன் இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. இந்தியாவில் பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களை இப்படி அனுப்புகின்றன. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகளும் ஆடிட்டர்களும் தனியாகவும் உதவ வருகிறார்கள். ஆண்டுக்கு அரைக் கோடி ரூபாய் அளவில் செலவு செய்யும் ஒரு டிரஸ்ட், தன் நிதிநிலையைச் சரிசெய்ய இந்தச் சேவையை நாடலாமா? செலவுக் கணக்குப் போட நாடலாம், தாராளமாக. நிதி திரட்டித் தரச் சொல்லி நாடினால் ஏமாற்றம்தான்.

இந்தச் சேவையின் உண்மையான பலன் முழுச் செலவுக் கணக்கில் இருக்கிறது. ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள். டிரஸ்ட் மூன்று திட்டங்களை நடத்துகிறது. மூன்றுக்கும் சேர்ந்து நேரடிச் செலவு 45 லட்சம். வாடகை, கணக்காளர் சம்பளம், தணிக்கைக் கட்டணம், இயக்குநர் சம்பளம் போன்ற பொதுச்செலவு 9 லட்சம். மாலைநேரப் படிப்பு மையங்களின் நேரடிச் செலவு மட்டும் 18 லட்சம், பிள்ளைகள் 240 பேர். நன்கொடையாளருக்கு அனுப்பும் திட்ட அறிக்கையில் பிள்ளைக்கு 7,500 ரூபாய் என்று எழுதுவார்கள். ஆனால் நேரடிச் செலவில் இந்தத் திட்டத்தின் பங்கு 40 சதவீதம் என்பதால், பொதுச்செலவிலும் 3.6 லட்சத்தை இது சுமக்க வேண்டும். உண்மைச் செலவு பிள்ளைக்கு 9,000 ரூபாய். இப்போது துண்டு விழுவது பிள்ளைக்கு 1,500 ரூபாய். வாடகையும் சம்பளமும் கூடக்கூட அந்தத் துண்டும் கூடும். பல நல்ல டிரஸ்டுகள் வளர்ந்துகொண்டே நொடிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். வெளியிலிருந்து வரும் நிதித்துறை ஆள் இதைச் சில வாரங்களில் எடுத்துக் காட்டிவிடுவார். உள்ளே இருப்பவர்களுக்கு அன்றாட வேலையே தலைக்கு மேல் இருக்கும்.

அடுத்த பலன் கையிருப்புக் கணக்கு. வங்கியில் 22 லட்சம் இருக்கிறது என்றால் தெம்பாக இருக்கும். அதில் 17 லட்சம் குறிப்பிட்ட திட்டங்களுக்கென்று வந்த பணம். மிச்சம் 5 லட்சம். மாதச் செலவு நாலரை லட்சம். அடுத்த தவணை தாமதமானால் ஒரு மாதம்தான் ஓட்ட முடியும். இந்த எண்ணை ஒவ்வொரு டிரஸ்டி கூட்டத்திலும் வைக்கப் பழக்கிவிட்டாலே ஆலோசகர் வந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது.

சறுக்கும் இடமும் உண்டு. கார்ப்பரேட் ஆலோசகர்களுக்கு வியாபாரம் தெரியும். டிரஸ்ட் சட்டம் பெரும்பாலும் தெரியாது. ‘லாபத்தைச் சேமித்து வையுங்கள்’ என்பார்கள். வரிவிலக்கு உள்ள டிரஸ்ட் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். மீதி 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கி வைக்க உரிய காலத்தில் படிவம் கொடுத்தாக வேண்டும். ‘ஏதாவது தயாரித்து விற்கலாமே’ என்பார்கள். பொதுநலப் பணி என்ற வகையில் வரும் டிரஸ்டுக்கு வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் 50இலிருந்து 20 சதவீதமாகக் குறைந்துவிட்டது. எனவே ஆலோசகரின் எந்தப் பரிந்துரையும் உங்கள் ஆடிட்டரின் கண்ணில் படாமல் டிரஸ்டிகளிடம் போகக் கூடாது.

அதே நேரம், சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் நிதி) விதியைச் சரியாகப் படித்துச் சொல்லும் ஆலோசகர் கிடைத்தால் விடாதீர்கள். 5 சதவீத நிர்வாகச் செலவு வரம்பு, கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் செலவுக்கானது. அதையே டிரஸ்டின் பொதுச்செலவுக்கும் வரம்பாக வைக்கும் கம்பெனிகளிடம், முழுச் செலவுக் கணக்கைக் காட்டிப் பேச அவர் உடன் வந்தால் அது பெரிய உதவி.

ஆலோசகரை அழைக்கும்முன் மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, சம்பளப் பதிவேடு, நடப்பு நன்கொடை ஒப்பந்தங்கள் தயாராக இருக்கட்டும். நன்கொடையாளர்களின் பான் எண், தொலைபேசி எண்களை நீக்கிவிட்டே கோப்பைக் கொடுங்கள். ‘எங்களை நிலைநிறுத்த உதவுங்கள்’ என்று கேட்டால் அறுபது பக்க பவர்பாயிண்ட் வரும். அதை யாரும் இரண்டாம் முறை திறப்பதில்லை. ‘மூன்று திட்டங்களுக்கு முழுச் செலவுக் கணக்கு, எக்செல்லில், பத்து வாரத்தில்’ என்று ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். வாரம் ஒரு மணி நேரம் அவரோடு உட்காரக் கணக்காளரை ஒதுக்குங்கள். கணக்காளர் தன் கையால் சூத்திரங்களைப் போட்டுப் பழகாவிட்டால், ஆலோசகர் போன மறுமாதமே அந்த எக்செல் செத்துவிடும். இலவசம் என்று சொன்னாலும் உங்கள் ஆட்களின் நேரம் நிறையப் போகும். அதற்கு மனமில்லாத டிரஸ்டுக்கு இந்தச் சேவை வேண்டாம்.

காலமும் முக்கியம். ஜூலை முதல் அக்டோபர் வரை ஆடிட்டர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. மார்ச், ஏப்ரலில் கம்பெனி நிதிப்பிரிவினருக்கு அதே கதி. நவம்பரில் தொடங்கினால் ஜனவரி இறுதிக்குள் கணக்கு கைக்கு வந்துவிடும், ஏப்ரலில் தொடங்கும் புதிய ஒப்பந்தங்களில் பிள்ளைக்கு 9,000 என்றே எழுதலாம்.