இரண்டு மாதச் சம்பளமும் 24 படங்களும் போயின: நெகட்டிவ்களைப் பார்சலில் அனுப்பப் போகிறவர்கள் கவனத்திற்கு

பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, வகைபிரித்து, உறவினரும் நண்பரும் பார்க்கும்படி இணைய ஆல்பமாக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு சேவையிடம் என் இரண்டு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பார்சல் திரும்பி வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

1983 முதல் 1997 வரை பயணங்களில் எடுத்த 62 கருப்பு வெள்ளை ரோல்கள் அவை; ரோலுக்கு 36 வீதம் 2,232 படங்கள். ஆறாறு படங்களாக வெட்டி உறையிலிட்டு, ஒவ்வோர் உறையின் மேலும் ஊர், மாதம், உடன் வந்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பயணங்களில் என்னோடு வந்த நால்வரில் இருவர் இன்று இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் பார்க்கட்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதலில் மூன்று படங்களை இலவசமாக ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். அவற்றில் ஒன்றில், படகுத்துறையில் வடம் பிடித்து நிற்பவரின் விரல்களுக்கு இடையே வடத்தின் புரிகள் தனித்தனியாகத் தெரிந்தன. நானே பிரிண்ட் போட்டபோதுகூட அதைக் கண்டதில்லை. தொலைபேசியில் பேசியவர், "உங்கள் உறை, உங்கள் வரிசை எதுவும் மாறாது சார், எங்கள் வீட்டுப் படம் மாதிரி பார்த்துக்கொள்கிறோம்" என்றார். அன்று மாலையே இரண்டு மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டேன்.

4000 டிபிஐ (அங்குலத்துக்கு 4000 புள்ளிகள்) என்று சொன்னபடி கோப்புகள் 5,600 பிக்சலுக்கு மேல் அகலம் காட்டுகின்றன. பெரிதாக்கிப் பார்த்தாலோ, நல்ல ஸ்கேனில் தெரிய வேண்டிய ஃபிலிமின் துகளே, அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளே இல்லை. முகங்கள் மெழுகு பூசியதுபோல் இருக்கின்றன. குறைந்த அளவில் ஸ்கேன் செய்து மென்பொருளால் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்பதே என் முடிவு. போதாக்குறைக்கு, தூசியும் கீறலும் நீக்கும் அகச்சிவப்பு முறையையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வழக்கமான கருப்பு வெள்ளை ஃபிலிமில் படமாக நிற்பது வெள்ளி. தூசியைப் போலவே அதுவும் அகச்சிவப்பு ஒளியை மறித்துவிடுவதால், ஸ்கேனர் படத்தின் நுணுக்கத்தையே தூசி என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடுகிறது. இந்தத் தொழிலின் அரிச்சுவடி இது. ஒரு ரோல் முழுவதும் இடவலம் மாறி, ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கின்றன.

நெகட்டிவ்கள் வந்த கோலத்தைச் சொல்ல மனம் கொதிக்கிறது. உறைகள் ஒன்றுகூட இல்லை. எல்லாத் துண்டுகளையும் ஒரே பிளாஸ்டிக் பையில் திணித்திருந்தார்கள். ஒன்றின் நடுவில் யாருடைய கட்டைவிரல் ரேகையோ அப்படியே பதிந்திருந்தது. இரவெல்லாம் ஓரத்து எண்களைப் பார்த்து எண்ணியதில் நான்கு துண்டுகள், அதாவது 24 படங்கள் காணவில்லை. உறைகளோடு 15 ஆண்டுக் குறிப்புகளும் போய்விட்டன; எந்தப் படம் எந்த ஊர் என்று இனி யாரிடம் கேட்பேன்?

முதல் நாள் அழைத்தபோது "பழைய ஃபிலிம் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். இரண்டாம் நாள் "டெக்னிக்கல் டீமிடம் சொல்லியிருக்கிறோம்" என்றார்கள். உறைகளைக் கேட்டதற்கு, "குப்பை என்று நினைத்திருப்பார்கள் சார்" என்று பதில் வந்தது. இன்று காலை ஆல்பத்தின் இணைப்பும் திறக்கவில்லை. தொடர்ந்து வைத்திருக்கத் தனிக்கட்டணமாம். இரண்டு மாதச் சம்பளம் வாங்கியபோது இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எப்படிக் கொடுக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன்; இப்போது முடியவில்லை. முழுத்தொகையை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு ரோலை அனுப்பிப் பாருங்கள். உறைகளின் மேல் எழுதியிருப்பதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, துண்டுகளை எண்ணி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கருப்பு வெள்ளைக்கு அகச்சிவப்பு முறையைப் போடுவீர்களா என்று கேளுங்கள். போடுவோம் என்றால் நெகட்டிவ்களைக் கொடுக்காதீர்கள்.