மல்லேஸ்வரம் கேரியர் கவுன்சலிங்: பேப்பர் போடும் முன் ஒருமுறை போய் வாருங்கள்

பதினோரு வருடம் வேலை பார்த்த ஐடி கம்பெனியில் டெலிவரி ஹெட் பதவி எனக்குத்தான் என்று டீமே பேசிக்கொண்டிருந்தது, கடைசியில் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அன்று ராத்திரியே ராஜினாமா மெயில் எழுதி டிராஃப்டில் வைத்துவிட்டேன். ஒரு வாரம் பொறுங்க என்று சொல்லி மனைவிதான் இங்கே அனுப்பினாள்.

நடத்துபவர் ஹெச்ஆரில் ஓய்வு பெற்ற ஒரு அம்மா, சொந்த ஊர் சேலம். மனசில் இருப்பதைத் தமிழிலேயே கொட்டலாம், பெங்களூரில் அது பெரிய நிம்மதி. முதல் அரைமணி நேரம் நான் பொரிந்து தள்ளியதைக் குறுக்கிடாமல் கேட்டார். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தி, "புதுசா வந்தவருக்குத் தெரியாதது, உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது என்னன்னு எழுதுங்க சார்" என்றார். எந்த கிளையன்ட்டுக்கு எந்த மாதம் ஒப்பந்த ரினியூவல், யார் போனால் எந்த வேலை நின்றுவிடும் என்று எழுத எழுத இரண்டு பக்கம் நிறைந்தது. "இதையெல்லாம் உங்ககிட்ட கேட்டு, பொறுப்பும் தர்றாரான்னு ஆறு மாசம் பாருங்க. உங்களைத் தாண்டி உங்க ஆளுங்ககிட்டயே நேரா போறார்னா, கிளம்பிடுங்க."

நான் விடவில்லை. 2000 நவம்பரில் அமெரிக்க கம்பெனி ஜிஇயில் சிஇஓ ஜாக் வெல்ச்சுக்கு அடுத்து இம்மெல்ட் என்று அறிவித்ததும், அதே பதவிக்குப் போட்டியில் இருந்த நார்டெல்லி ஹோம் டிப்போவுக்கும் மெக்நெர்னி 3எம்முக்கும் போய்விட்டார்களே என்றேன். "அவங்களுக்கு சிஇஓ நாற்காலி காத்திருந்துச்சு, உங்க கையில ஆஃபர் இருக்கா?" என்றார். இல்லை. நம்ம ஊர் இன்ஃபோசிஸ் பிரவீண் ராவைப் பாருங்க என்றார்: 2017 ஆகஸ்டில் இடைக்கால சிஇஓ, 2018 ஜனவரியில் சலில் பாரேக் சிஇஓவாகப் பொறுப்பேற்ற பிறகும் சிஓஓவாக (தலைமைச் செயல்பாட்டு அதிகாரி) 2021 டிசம்பரில் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

குறையும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு 3,000 ரூபாய் அதிகம்தான், ஆனால் கொடுத்தது வீண்போகவில்லை. ரெஸ்யூமே திருத்தத் தனியாக வாங்கிய 2,000தான் தண்டம், பழைய ஃபார்மட்டில் வேலை தேதிகளை மாற்றி அடுக்கிக் கொடுத்தார்கள், நானே மறுபடி உட்கார்ந்து எழுதினேன்.

நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் பெரிய ரினியூவல் பேச்சுக்குப் புது ஹெட் என்னையே அனுப்பினார், அதனால் மீதி இரண்டு மாதமும் இருந்து பார்க்கப் போகிறேன்.

போகிறவர்கள் சனிக்கிழமை காலை நேரம் கேட்டு வாங்குங்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, மெட்ரோவில் மந்திரி ஸ்கொயர் சம்பிகே ரோடு ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் சுலபம்.