கழற்றிய சாமான் எங்கே என்று அன்றைக்கே கேளுங்கள்

என்னுடைய 2008 ரொயோற்றா விற்ஸ் காரின் எஞ்சினுக்குப் 'பவர் கூட்ட'க் கொடுத்து 165,000 ரூபா இழந்தேன். காசு மட்டும் போகவில்லை. காரோடு ஜப்பானிலிருந்து வந்த ஒரு சாமானும் போய்விட்டது. அதன் பெறுமதி எனக்கு அப்போது தெரியாது, கழற்றியவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கராஜின் பெயரை எழுதப்போவதில்லை. விசாரித்துப் பார்த்ததில் இதே வேலையை வேறு இடங்களிலும் செய்கிறார்கள் என்று தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் எஞ்சின் மொடிபிகேஷன் செய்யும் யோசனை உள்ளவர்கள் காசை எண்ணிக் கொடுப்பதற்கு முதல் இதை வாசியுங்கள்.

எனக்கு ரேஸ் ஓடும் ஆசை இல்லை. 998 சிசி, மூன்று சிலிண்டர், புதிதாக இருந்தபோதே 71 குதிரைவலுதான். அதில் மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள், பின்னுக்குப் பனங்கிழங்குப் பெட்டி, ஏசி வேறு. பளை தாண்டி ஏ9 இல் ஒரு மணல் டிப்பருக்குப் பின்னால் அகப்பட்டால் கிளிநொச்சி மட்டும் அதன் புழுதிதான். ஒரு வருடமாக இழுவை இன்னும் குறைந்துகொண்டே வந்தது. பெரிய கார் வாங்கலாம்தான். 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 இல் திறந்தார்கள், ஆனால் வரியோடு சேர்த்து விலை கேட்ட அன்றே அந்தக் கதையை வீட்டில் எடுக்காமல் விட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊர் மெக்கானிக்மாரின் கையில் எனக்கு ஒரு குருட்டு நம்பிக்கை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காதபோது, பழைய ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் கார்களைக் காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்கள் அவர்கள். அந்த மணம் இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது. மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட வைத்த ஊரில் பெற்றோல் எஞ்சினுக்குக் கொஞ்சம் பவர் கூட்டத் தெரியாதா என்று நினைத்துவிட்டேன். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, எதை ஊற்றினாலும் இருமிக்கொண்டு ஓடும். என் காரின் எஞ்சின் காற்றைப் பத்து மடங்குக்கு மேல் அமுக்கும், எல்லாவற்றையும் கம்பியூட்டர் பார்க்கும். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கராஜ்காரப் பெடியனுக்கு முப்பது வயது இருக்கும். துப்புரவான இடம், மேசையில் லப்ரொப், கைப்பேசியில் வேறு கார்களின் வீடியோக்கள். "அண்ணை, ஹெடர் போடுவம், கோன் பில்டர் போடுவம், கடைசியா ரீமாப் அடிப்பம். பதினைஞ்சு எச்பி சும்மா கூடும். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." ஹெடர் என்றால் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்களை மாற்றுவது, கோன் பில்டர் என்றால் கூம்பு வடிவக் காற்று வடிகட்டி, ரீமாப் என்றால் எஞ்சின் கம்பியூட்டரில் உள்ள கணக்கை மாற்றி எழுதுவது. பதினைந்து குதிரைவலு என்றால் 71 இல் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அந்தக் கணக்கை நான் அப்போது போட்டுப் பார்க்கவில்லை. டர்போ உள்ள எஞ்சின் என்றால் காற்றை அமுக்கும் அளவைக் கூட்டி அப்படி எடுக்கலாம். டர்போ இல்லாத எஞ்சின் தானாக இழுக்கும் காற்றைத்தான் எரிக்கும். அதில் ரீமாப்பால் கிடைப்பது ஒன்றிரண்டு குதிரைவலு, கூடிப்போனால் மூன்று. ஏற்கெனவே நன்றாக மாற்றிய ஒரு கார் இருந்தால் ஓட்டிக் காட்டுங்கள் என்றும் கேட்கவில்லை. வீடியோவில் கேட்ட சத்தமே போதுமாக இருந்தது.

இரண்டு நாளில் கார் வந்தது. ஸ்ராட் செய்ததும் அயல் வீட்டு நாய் எழும்பிக் குரைத்தது. மிதியைத் தொட்டாலே பாய்ந்தது. சந்தோஷத்தில் பலாலி வீதியால் கோண்டாவில் மட்டும் போய்த் திரும்பினேன். அன்றிரவு அம்மா கேட்ட கேள்வி: "இது வாடகைக்கு விடுற காரோ தம்பி?"

சந்தேகம் வந்தது இரண்டு கிழமை கழித்து. பெற்றோல் குடி கூடிவிட்டது. ஊருக்குள் லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடியது பத்துக்கு இறங்கியது. பெடியனைக் கேட்டபோது, "95 ஒக்ரேன் அடியுங்கோ அண்ணை, அப்பதான் முழுப் பவரும் வரும்" என்றார். 92 ஐ விட 95 இல் கூடிய சக்தி ஒன்றும் இல்லை. பெற்றோல் தானாகப் பற்றி எஞ்சின் தட்டுவதை அது தடுக்கும், அவ்வளவுதான். 92 க்குத் தட்டாத எஞ்சினுக்கு 95 அடிப்பது விலை கூடிய 92 அடிப்பதுபோல. நான் அதையும் ஒரு மாதம் அடித்தேன்.

என் நண்பனிடம் இதே விற்ஸ், இதே ஆண்டு, ஒரு ஆணிகூட மாற்றாத கார். ஒரு ஞாயிறு அதிகாலை, வாகனம் குறைந்த நேரம் பார்த்து, ஒரே தெருத்துண்டில், ஒரே இரண்டு பேர் ஏறி, முழுதாக அமத்தி, 30 இலிருந்து 70 க்குப் போக எவ்வளவு நேரம் என்று கைப்பேசியில் பிடித்தோம். அதிவேக வீதிகளைத் தவிர, 70 க்கு மேல் நகரத்துக்கு வெளியேயும் சட்டப்படி போக முடியாது, எனக்குத் தேவையானதும் அந்த வேகம்தான். மூன்று முறை பார்த்தோம். மூன்று முறையும் நண்பனின் கார் என்னுடையதை விட ஒரு செக்கன் அளவில் முந்தியது. அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் புகைப் பரிசோதனை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகனத்தின் வருடாந்த வருமானப் பத்திரம் புதுப்பிக்க முடியாது என்பது தெரியும்தானே. குழாயைச் சைலன்சருக்குள் விட்டதும் காபன் மொனொக்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் எல்லை தாண்டிப் போயின. பரிசோதித்தவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "கற்றலிற்றிக் கன்வேட்டர் எங்க அண்ணை?" என்றார். புகையில் உள்ள நஞ்சைக் குறைக்கும் சாமான் அது. எனக்குப் பதில் தெரியவில்லை.

சுன்னாகத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் அரை நாளில் கண்டுபிடித்தவற்றை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் காரிலும் இவை இருக்கலாம்.

என் காரில் புகை வெளியேறும் மெனிபோல்டும் கன்வேட்டரும் ஒரே துண்டு. ஹெடர் போடுகிறேன் என்று அந்தத் துண்டையே கழற்றி எடுத்துவிட்டு, வெறும் குழாய்களை ஒட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். கன்வேட்டருக்குள் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கும். பழைய கன்வேட்டர் வாங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் கூலியும் வாங்கி, என் சாமானையும் விற்றுக் காசாக்கியிருக்கிறார்கள். கன்வேட்டர் இல்லாவிட்டால் எஞ்சின் விளக்கு எரிய வேண்டுமே என்று கேட்டேன். கன்வேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஒக்சிஜன் சென்சரை ஒரு சின்ன இடைத்துண்டு வைத்துப் புகைப் பாதையிலிருந்து வெளியே தூக்கி வைத்திருந்தார்கள். அது நேராகப் புகையைக் காணாததால் எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

ரீமாப்? அவர் டாஷ்போர்டுக்குக் கீழே படுத்து, மிதியின் வயரோடு செருகியிருந்த தீப்பெட்டி அளவான பெட்டி ஒன்றை இழுத்து எடுத்தார். நீல விளக்கு மினுங்கியது. மிதியைக் கால்வாசி அமத்தினால், பாதி அமத்தியாகிவிட்டது என்று கம்பியூட்டருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. தொட்டதும் பாய்ந்த காரணம் இதுதான். முழுதாக அமத்தினால் முழுது முழுதுதான், ஒரு துளி பவரும் கூடாது. எஞ்சின் கம்பியூட்டரை யாரும் திறக்கவே இல்லை. இதற்கும் சேர்த்துத்தான் அந்த 165,000 வாங்கியிருந்தார்கள்.

கோன் பில்டர் றேடியேற்றர் விசிறிக்குப் பின்னால், எஞ்சினின் சூடு முழுவதும் அடிக்கும் இடத்தில் இருந்தது. கம்பனிக்காரன் காற்றை முன்னாலிருந்து, குளிராக எடுக்கக் குழாய் வைத்திருந்தான். காற்று மூன்று பாகை சூடேறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் பொனற்றுக்குக் கீழே எத்தனை பாகை கூடும் என்று நீங்களே யோசியுங்கள். மெக்கானிக் ஐயா பில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் உள்ள குழாய்க்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் சிவப்பாக வந்தது. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண். இத்தனை மாதமும் அதைத்தான் என் எஞ்சின் தின்றிருக்கிறது.

கராஜுக்குத் திரும்பிப் போனேன். பெடியன் கோபப்படவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. "அதை அண்டைக்கே இரும்போட எறிஞ்சாச்சு அண்ணை. நீங்கள் கேக்கேல்லையே." உண்மைதான், நான் கேட்கவில்லை. கையில் இருந்த துண்டில் 'எஞ்சின் வேலை 165,000' என்று ஒரே வரி. என்ன சாமான், என்ன வேலை, எவ்வளவு கூலி, எதுவும் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தபோது முதலில் கேட்கப்பட்டது பில். அந்தத் துண்டை வாசித்துக் காட்ட எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆகவே வேலை கொடுக்கிறவர்கள், கழற்றும் ஒவ்வொரு சாமானும் தன் பெயரோடு பில்லில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். காரை எடுக்கும்போது கழற்றியவற்றை டிக்கியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள், குப்பை என்று சொன்னாலும். ரீமாப் என்றால் எஞ்சின் கம்பியூட்டரில் முதல் இருந்த பைலின் பிரதி வேண்டும், தர மறுத்தால் அங்கே ரீமாப் நடக்காது. இன்னொன்று, நான் நண்பனோடு பிடித்த அந்த 30-70 நேரக் கணக்கை வேலைக்கு முதல் செய்யுங்கள், அதே இடத்தில் வேலை முடிந்ததும் செய்யுங்கள். காதை நம்பவேண்டாம்.

கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒருவர் மூலம் பழைய மெனிபோல்ட் ஒன்று எடுத்து, பில்டர் பெட்டியையும் தேடிப் பூட்டி முடிக்க இன்னும் 95,000 போனது. புகைப் பரிசோதனை பாஸ். அந்தச் சுன்னாகத்து ஐயா பூட்டும்போது பின் சில்லு ஒன்றைக் கையால் சுற்றிப் பார்த்தார். சுற்றவில்லை. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிளக் மூன்றும் தேய்ந்து, காற்று உள்ளே போகும் துரொட்டில் வாய் கறுத்துப்போய் இருந்தது. ஒரு வருடமாக இழுவை குறைந்ததற்குக் காரணம் இவைதான். எல்லாம் சேர்த்து 14,000. போன கிழமை பளையில் ஒரு டிப்பரை முந்தினேன், அம்மாவும் பிள்ளைகளும் ஏசியும் எல்லாம் இருக்க.

ஹெடர் வீட்டில் கிணற்றடியில் கிடக்கிறது. நேற்று மாலை அந்தக் கராஜ்காரப் பெடியன் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, அந்த ஹெடரை அரை விலைக்குத் தாறியளோ? இன்னொரு விற்ஸ் வந்து நிக்குது."