2டி மேமோகிராமா, 3டியா? அக்காவுக்காக நாங்கள் எடுத்த முடிவு

அக்காவுக்கு 51 வயது. காவேரிப்பட்டணத்தில் இருக்கிறாள். போன வருடம் பக்கத்திலேயே கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் சாதாரண 2டி மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்தோம். இடது மார்பில் மங்கலாக ஒரு நிழல், திசு அடர்த்தி ‘சி’ வகை (அடர்த்தி அதிகம்), பைராட்ஸ் (மார்பகப் படத்தின் முடிவைச் சொல்லும் எண்) 0 என்று ரிப்போர்ட் வந்தது. பூஜ்யம் என்றால் ஒன்றும் இல்லை என்று மாமா நிம்மதியாகிவிட்டார். ஆனால் அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தம், ‘இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, இன்னும் பார்க்க வேண்டும்’ என்பது. அப்புறம்தான் பெங்களூரு போய் டோமோசிந்தசிஸ் என்கிற 3டி எடுத்தோம். இந்த வருடமும் அங்கேயே.

நான் ஓசூர் பக்கம் பொறியியல் கல்லூரியில் இமேஜ் பிராசசிங் பாடம் எடுக்கிறவள். நான் 3டி கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சின்ன விஷயங்களை முடித்துவிடலாம். அழுத்தி எடுக்கும் வலி இரண்டிலும் ஒன்றுதான். 3டிக்குச் சில நொடிகள் கூடுதலாக அசையாமல் நிற்க வேண்டும். செலவு அதிகம், கார் வாடகை வேறு. 2டியும் 3டியும் சேர்த்து எடுத்தால் கதிர்வீச்சும் கூடும். 3டி தரவிலிருந்தே ஒரு 2டி படத்தைக் கணினி உருவாக்கித் தரும் வசதி இருந்தால் தனியாக 2டி எடுக்க வேண்டாம். போகும் இடத்தில் அது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அந்த நிழல் என்ன ஆனது? போச்சம்பள்ளி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது மாந்தோப்பைப் பார்த்திருப்பீர்கள். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் முன் மரமும் பின் மரமும் ஒட்டி ஒரே மரம் போலத் தெரியும். பஸ் நகர்ந்தால் கிட்டத்து மரம் வேகமாகப் பின்னால் ஓடும், தூரத்து மரம் மெதுவாக வரும். அப்போது இரண்டும் பிரிந்துவிடும். டோமோசிந்தசிஸ் செய்வதும் இதுதான். எக்ஸ்ரே குழாய் ஒரு வில் போல நகர்ந்து, குறைந்த கதிர்வீச்சில் பல படங்கள் எடுக்கிறது. எது எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளியில் அடுக்கடுக்கான படங்களைக் கணினி மீட்டுருவாக்குகிறது.

டாக்டர் மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே, “இங்க பாருங்கம்மா, இந்த அடுக்குல ஒரு கோடு வருது, மறையுது. இன்னும் கீழ போனா இன்னொரு கோடு. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துதான் அன்னைக்கு நிழலாத் தெரிஞ்சிருக்கு” என்றார். அல்ட்ராசவுண்டிலும் அந்த இடத்தில் எதுவும் இல்லை. அக்கா என் கையை விடவே இல்லை.

குறையும் உண்டு. சிடி ஸ்கேன் போல முழுவதும் சுற்றாமல் ஒரு வில் அளவுக்கு மட்டும் நகர்வதால் ஆழக் கணக்கு அவ்வளவு துல்லியமாக வராது. சுண்ணாம்புப் புள்ளி (திசுவில் படியும் கால்சியம்) போன்ற அடர்ந்த பொருளின் சாயல் பக்கத்து அடுக்குகளிலும் படியும்.

ஆனால் என் முடிவை உறுதி செய்தது இது எதுவும் இல்லை. இந்த வருடப் படத்தைப் போன வருடப் படத்தோடு வைத்துப் பார்க்க முடிகிறதா என்பதுதான். மார்பில் ஏதோ ஒன்று இருப்பதைவிட, அது புதிதாக வந்ததா, வளர்ந்திருக்கிறதா என்பது பெரிய கேள்வி. அதற்கு இரண்டு படங்களையும் இடத்துக்கு இடம் பொருத்த வேண்டும். எங்கள் துறையில் அதற்குப் பெயர் ரெஜிஸ்ட்ரேஷன். சர்வேயர் பழைய வரைபடத்தோடு நிலத்தில் இறங்கினால் முதலில் அளவுக்கல்லைத்தான் தேடுவார். தலை ஸ்கேனில் மண்டை ஓடு அந்தக் கல். மார்பில் எலும்பே கிடையாது. காம்பு, மார்புத் தசையின் விளிம்பு என்று ஒன்றிரண்டு அடையாளங்கள்தான். அதோடு ஒவ்வொரு முறையும் அழுத்தம் கொஞ்சம் மாறும். 2டியில் அழுத்தம் மாறினால் எந்தத் திசு எதன் மேல் விழுகிறது என்பதே மாறி, இல்லாத நிழல் புதிதாக முளைக்கும். அடுக்குப் படங்களில் அந்தக் குழப்பம் குறைவு.

கணினியில் படத்தை ரப்பர் போல இழுத்துப் பொருத்தும் முறைகள் இருக்கின்றன. 1999-லேயே ருக்கர்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் மார்பக எம்ஆர்ஐ படங்களில் செய்து காட்டினார்கள். அதில் ஓர் ஆபத்து: அளவுக்கு மீறி இழுத்தால், நாம் தேடுகிற வளர்ச்சியையே அமுக்கிப் பழைய படத்தோடு ஒத்துப்போக வைத்துவிடும். அக்காவுக்கு எம்ஆர்ஐ எடுக்கவில்லை, அதனால் அதைப் பற்றிப் பாடமாக அறிந்ததோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் டாக்டர் கண்ணால்தான், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

இங்கேதான் முதல் சென்டர் எங்களைக் கைவிட்டது. ரிப்போர்ட்டும் ஒரு பிரிண்ட்டும் மட்டும் தந்தார்கள். ஒரிஜினல் ஃபைல் கேட்டபோது “அழிச்சிட்டோம்மா” என்றார்கள். பெங்களூரு டாக்டர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். அதனால் எங்கே எடுத்தாலும் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம்) ஃபைலாக, அடுக்குப் படங்கள் எல்லாமும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். மெஷினுக்கு மெஷின் வில்லின் கோணம் வேறு, படங்களின் எண்ணிக்கை வேறு. அதனால் முடிந்தவரை வருடா வருடம் ஒரே இடம்.

ஒருவருடைய இரண்டு வருட அனுபவம்தான் இது. திசு அடர்த்தி ‘ஏ’ அல்லது ‘பி’, அதாவது குறைவு, என்று வந்தவருக்கு, ஃபைலைப் பத்திரமாகத் தரும் பக்கத்து ஊர் 2டி போதுமானதாக இருக்கலாம். 100 கிலோமீட்டர் போக முடியாமல் வருடத்தைத் தள்ளிப்போடுவதைவிட அதுவே மேல். மார்பைத் தொட்டுப் பார்க்கும்போது கட்டி தட்டுப்பட்டால் இந்த ஒப்பீடே வேண்டாம், நேராக சர்ஜனிடம் போங்கள்.

அக்கா வீட்டு பீரோவில் பட்டா, ரேஷன் கார்டு இருக்கும் மஞ்சள் பையில் இப்போது இரண்டு வருட 3டி படங்கள் உள்ள இரண்டு சிடிக்களும் இருக்கின்றன. நகல் என் பென் டிரைவில்.